பிள்ளையோடு ஓட எது தோது: ஓட்ட வண்டிலா, சாதாரண வண்டிலா, அம்மம்மாவின் மடியா?

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ ஆராவது வரப்போகும்போது "பிள்ளைக்குத் தள்ளுவண்டில் ஒன்று கொண்டுவரட்டோ?" என்று கேட்பது வன்னியில் இப்போது வழமை. ஓடும் பழக்கமுள்ள தாயோ தகப்பனோ அந்த வீட்டில் இருந்தால் கூடவே இன்னும் சில கேள்விகள் வரும். மூன்று சில்லு ஓட்ட வண்டிலைக் கேட்பதா? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடையில் கிடைக்கும் நாலு சில்லு வண்டில் போதுமா? நெஞ்சில் கட்டும் பையோடு சமாளிப்பதா? பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியே ஓடுவதா?

எங்கள் முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். எட்டு மாதம் ஆகும்வரை அம்மம்மாவின் மடிதான். அதற்குப் பிறகு, வீட்டுக்குக் கிட்ட வாகனம் குறைந்த கொங்கிறீற் ஒழுங்கையோ பாடசாலை மைதானமோ இருந்தால் ஓட்ட வண்டில். நாலு சில்லு வண்டிலும் நெஞ்சுப் பையும் நடக்க மட்டுமே. வீட்டு வாசலே கண்டி யாழ்ப்பாணப் பெருவீதியான ஏ-9இல் என்றால், எவ்வளவு நல்ல வண்டில் வந்தாலும் அந்த வீதியில் அதைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டாம். வண்டிலின் தரத்தை விட வீதியும் நேரமும்தான் இங்கே பெரிய விசயம். இதை விட்டுவிட்டு வண்டிலின் நிறத்தையும் பெயரையும் ஆராய்ந்து பிரயோசனமில்லை.

எட்டு மாதக் கணக்கு

நடைக்குப் பிள்ளை படுத்திருந்தால் போதும். ஓட்டத்தில் ஒவ்வொரு குழியும் கல்லும் சின்னச் சின்ன அதிர்ச்சியாக இருக்கைக்கு வரும். தலை உடம்பின் அளவுக்குப் பெரிது, கழுத்துத் தசை இன்னும் மெலிது. தலையை நிமிர்த்தி வைத்திருக்கவும், தாங்கல் இல்லாமல் இருக்கவும் பிள்ளை பழகியிருக்க வேண்டும். தூலே நிறுவனத்தின் ஓட்ட வண்டில்களின் கைநூல் ஓட்டத்துக்கு ஆகக் குறைந்தது 6 மாதம் என்கிறது. பொப் (BOB) என்ற பெயரில் வரும் ஓட்ட வண்டில்களின் கைநூல் 8 மாதம் என்கிறது. ஐரோப்பாவின் ஒப்புரவான நடைபாதையிலும் இதே கணக்குத்தான். கிறவலும் வெடித்த கொங்கிறீற்றும் உள்ள இடத்தில் எட்டை எடுப்பதே புத்தி. ஏழாம் மாதத்தில் கெட்டியாக இருக்கிற பிள்ளையும் உண்டு, ஒன்பதிலும் சரிகிற பிள்ளையும் உண்டு. நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ "வண்டிலில் வைத்து ஓடலாமோ?" என்று நேரே கேளுங்கள். மாதம் குறையப் பிறந்த பிள்ளையென்றால் பிறந்த திகதியிலிருந்து எண்ணாமல், பிறக்க வேண்டியிருந்த திகதியிலிருந்து எண்ண வேண்டும்.

தாயின் உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. 31ஆம் நாள் துடக்குக் கழிவதும் ஓட்டத்துக்கு உடம்பு ஆயத்தமாவதும் ஒன்றல்ல. பிரித்தானிய இயன்மருத்துவர்கள் மூவர் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, பிரசவத்துக்குப் பின் 12 கிழமைக்கு முதல் ஓட்டம் வேண்டாம் என்கிறது. 12 கிழமை கழிந்தாலும் சில சோதனைகளில் தேற வேண்டும்: 30 நிமிடம் நடக்க வேண்டும், ஒற்றைக் காலில் 10 செக்கன் நிற்க வேண்டும், நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட வேண்டும், ஒவ்வொரு காலிலும் பத்துத் தரம் கெந்த வேண்டும். இவற்றில் நோவோ, கீழ்வயிற்றுப் பாரமோ, சலக்கசிவோ வந்தால் ஓட்டத்தைத் தள்ளிப்போட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். சிசேரியன் என்றால் தழும்பு பற்றியும் கேட்க வேண்டும்.

ஆக, தாய் ஆயத்தமாகும் மூன்றாம் நாலாம் மாதத்துக்கும் பிள்ளை ஆயத்தமாகும் எட்டாம் மாதத்துக்கும் இடையே ஒரு வெளி கிடக்கிறது. அந்த வெளியில்தான் அம்மம்மா தேவைப்படுகிறா.

ஓடக்கூடாதவை எவை, ஏன்

நெஞ்சுப் பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும்போது உங்கள் உடம்பு ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் போகும். பையில் இருக்கும் பிள்ளையின் தலையும் அப்படியே துள்ளும், நடுவில் அதைத் தாங்க ரயரும் இல்லை ஸ்பிறிங்கும் இல்லை. கால் தடக்கினால் பிள்ளையின் மேலேயே விழுவீர்கள். இரண்டு உடம்புச் சூடும் ஒட்டிக் கிடக்கும். நடங்கள், ஓடாதீர்கள்.

நாலு சில்லு வண்டில்தான் ஆட்களை ஏமாற்றும். பார்க்கக் கெட்டியாக இருக்கும், கொங்கிறீற்றில் வழுவழுவென்று போகும், "கொஞ்சம் ஓடினால் என்ன" என்று தோன்றும். அதன் முன்சில்லுகள் ஒரு சாண் அகலம்கூட வராத கெட்டிப் பிளாஸ்ரிக். எந்தப் பக்கமும் தானாகச் சுழலும்படி பூட்டப்பட்டவை. நடை வேகத்தில் அது வசதி. ஓட்ட வேகத்தில் ஒரு சின்னக் கல்லோ தரை வெடிப்போ பட்டதும் சில்லு குறுக்கே திரும்பி நின்றுவிடும். சில்லு நின்றாலும் வண்டிலும் பிள்ளையும் நீங்களும் நிற்கமாட்டீர்கள், கைபிடிக்கு மேலால் முன்னுக்குப் போவீர்கள். கைப்பிறேக் இல்லை. வண்டிலை மணிக்கட்டோடு கொளுவி வைக்கும் கைநாடா இல்லை. பல வண்டில்களில் பெல்ற்றும் இடுப்போடு மூன்று முனை மட்டும். உள்ளூரில் இப்படி ஒன்றை வாங்கியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வேக நடைக்கு அது நல்ல வண்டில்தான்.

சைக்கிளில் பிள்ளை இருக்கையும் சிலர் யோசிப்பது. அது ஓட்டமல்ல, ஒரு வயதுக்கு முதல் அதுவும் வேண்டாம், பிள்ளையின் தலைக்கு அளவான ஹெல்மெற்றும் வேண்டும். இங்கே அதை விட்டுவிடுவோம்.

அம்மம்மாவிடம் விடும் வழி

இதைக் குறைவான வழியென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பிள்ளை நிழலில் இருக்கும், நீங்கள் உங்கள் வேகத்தில் ஓடுவீர்கள், இரண்டு கையும் வீசி ஓடுவதால் இடுப்பும் முதுகும் ஒழுங்காக இருக்கும். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் ஓடப் போகுமுன் பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பின் பாரமும் குறையும், ஒரு மணித்தியாலம் பிள்ளையும் அழாது.

எட்டுமாதப் பிள்ளையின் பின்னால் தவழ்ந்து திரிய அம்மம்மாவின் முழங்கால் விடுமா என்பதுதான் இதன் சிக்கல். அதற்கு இடைவழி ஒன்று உண்டு. பாடசாலை மைதானத்திலோ விளையாட்டுக்கழக மைதானத்திலோ வேம்பு நிழலில் பாயை விரித்து அம்மம்மாவும் பிள்ளையும் இருக்க, நீங்கள் சுற்றி ஓடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிள்ளை உங்களைக் காணும், நீங்களும் பிள்ளையைக் காண்பீர்கள். தாயும் தகப்பனும் ஓடுகிறவர்கள் என்றால் முறை வைத்து ஓடலாம்: ஒருவர் அரை மணித்தியாலம், பிறகு மற்றவர். வண்டிலுக்குச் செலவழிக்க வசதியில்லாத வீட்டுக்கும், வண்டில் தள்ள நல்ல தரையில்லாத ஊருக்கும் இதுதான் முதல் தெரிவு.

ஓட்ட வண்டில் என்றால் எதைக் கேட்பது

வண்டில் அனுப்புகிறவரிடம் "ஜொக்கிங் ஸ்ரோலர்" என்று மட்டும் சொன்னால், மூன்று சில்லு இருந்தால் போதுமென்று நினைத்து எதையாவது வாங்கிவிடுவார்கள். மூன்று சில்லு உள்ளதெல்லாம் ஓட்ட வண்டில் அல்ல. ஓட்டத்துக்கு ஏற்றதென்று கைநூலில் எழுதியிருக்க வேண்டும்.

முன்சில்லு முக்கியம். சில வண்டில்களில் அது நேராகவே நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் நடைக்குச் சுழலவும் ஓட்டத்துக்கு நேராகப் பூட்டவும் ஒரு பூட்டு இருக்கும். நிரந்தரப் பூட்டு வண்டில் நேர் ஓட்டத்தில் ஆடாமல் போகும். ஆனால் சந்தைக்கோ கிளினிக்குக்கோ அதைக் கொண்டுபோக முடியாது, ஒவ்வொரு வளைவிலும் கைபிடியைக் கீழே அமத்தி முன்சில்லைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஒரு வீட்டில் ஒரு வண்டில்தான் இருக்கப்போகிறது என்றால் பூட்டும் வகையைக் கேளுங்கள். ஓடத் தொடங்குமுன் பூட்டு விழுந்ததா என்று சில்லைக் கையால் முறுக்கிப் பார்ப்பதை மறக்காதவர்களுக்கு மட்டும் அது நல்லது.

சில்லின் அளவில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பின்சில்லு 16 அங்குலம், முன்சில்லு 12 அல்லது 16. பெரிய சில்லு குழியில் விழாமல் அதன் மேலால் போய்விடும். இந்த அளவுகளுக்கு இங்கே இன்னொரு வாசி உண்டு. 12½ × 2¼ என்பதும் 16 × 1.75 என்பதும் சிறுவர் சைக்கிள் ரியூப் அளவுகள். பரந்தனிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ சைக்கிள் கடையில் கேட்கக்கூடிய சாமான். ரயரின் பக்கத்தில் 16 × 1⅜ என்று இருந்தால் அது வேறு றிம், 1.75 ரயர் அதில் ஏறாது. ஆகவே அனுப்புகிறவரிடம் ரயரின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காற்று ரயரா, முள்ளுக்குப் பயமில்லாத ஃபோம் ரயரா? நெருஞ்சி முள்ளும் உடைமுள்ளும் கிடக்கும் நிலத்தில் ஃபோம் நல்லதென்று தோன்றும். ஓட்டத்துக்கு அது சரிவராது. கல்லில் ஏறும் அடியைக் காற்று தின்றுவிடும், ஃபோம் அதைப் பிள்ளையின் முதுகுக்கு அனுப்பும். காற்று ரயரை எடுத்து, மோட்டார் சைக்கிள் ரியூப்புக்கு விடும் ஜெல்லைக் கொஞ்சம் உள்ளே விடுங்கள். சின்ன முள்ளுகளுக்கு அது போதும். எத்தனை பிஎஸ்ஐ காற்று என்பது ரயரின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். பெரும்பாலும் 30ஐ அண்டிய உச்ச அளவு. கிறவலில் ஓடும் நாளில் அதைவிட ஐந்து குறைத்தால் பிள்ளைக்குச் சொகுசு. வண்டில் ரியூப்புகளின் வால்வு பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வால்வுதான், எங்கள் சைக்கிள் வால்வு அல்ல. மோட்டார் சைக்கிள் பம்ப் பொருந்தும். ரயர் கடைக் கொம்பிறெசரில் அடிப்பதானால் ஒரு நொடி, பார், இன்னொரு நொடி என்று அடிக்க வேண்டும். இவ்வளவு சின்ன ரியூப் கண் மூடித் திறக்குமுன் நிரம்பி வெடிக்கும்.

பிறேக்கில் இரண்டு வகை. காலால் அமத்தும் நிறுத்தப் பிறேக் எல்லா வண்டிலிலும் உண்டு, அது வண்டில் நின்ற பிறகு போடுவது. ஓடும்போது போட்டால் பின்சில்லு இறுகி வண்டில் கவிழும். கைப்பிறேக் ஓட்டத்தில் வேகத்தைக் குறைப்பதற்கு. வன்னி தட்டையான நிலம், அதனால் அது தேவையில்லை என்பார்கள். 12 கிலோ வண்டிலில் 9 கிலோ பிள்ளை, தண்ணீர்ப் போத்தல், துணிப்பை எல்லாம் சேர்ந்தால் 22, 23 கிலோ. குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவிலும், மதகு இறக்கத்திலும், நாய் குறுக்கே வரும்போதும் அதைக் கையால் மட்டும் பிடித்து நிறுத்துவது லேசில்லை. கிடைத்தால் கைப்பிறேக் உள்ளதையே எடுங்கள். கைநாடாவோ கட்டாயம். வைகாசியிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில், சப்பாத்துக் கயிறு கட்ட ஒரு நிமிடம் கையை விட்டால் வண்டிலின் வெயில் மறைப்பில் காற்றுப் பிடித்துத் தட்டைத் தரையிலும் வண்டில் தானாக உருளும்.

பெல்ற் ஐந்து முனை: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கவட்டுக்கு நடுவில். தோள் பெல்ற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் மட்டும் போகலாம். பிள்ளை நித்திரை கொண்டாலும் தளர்த்த வேண்டாம். கார் இருக்கையை வண்டிலில் கொளுவும் வகையும் வரும். அதை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டத்துக்கு வேண்டாம்.

பாவித்த வண்டில் வந்தால்

வன்னிக்கு வரும் ஓட்ட வண்டில்களில் பல ஆரோ ஒருவரின் பிள்ளை வளர்ந்த பிறகு வருவதுதான். அதில் குற்றமில்லை, பார்த்து எடுக்க வேண்டும். முன்சில்லை நெம்பால் பூட்டும் குயிக் ரிலீஸ் அச்சை முதலில் பாருங்கள். 2018 பெப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு, 2015 செப்ரெம்பர் வரை செய்யப்பட்ட பொப் வண்டில்களின் முன்சில்லு ஓட்டத்தில் கழன்று விழுந்து காயம் ஏற்படுத்தியதாக அதன் நிறுவனத்தின் மேல் முறைப்பாடு வைத்தது. நெம்பைச் சரியாக இறுக்காமல் விட்டாலும் சில்லு உள்ளே நிற்பதுபோலவே தோன்றும் என்பதுதான் அங்கே சிக்கல். அதே ஆண்டு நவம்பரில் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. அந்தக் காலத்து வண்டில் கைக்கு வந்தால் திகதியைச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் துண்டில் பாருங்கள். வேறு எந்த வண்டில் என்றாலும் நெம்பை மூடும்போது உள்ளங்கையில் அதன் அச்சுப் பதியுமளவுக்கு இறுக்கம் இருக்க வேண்டும். லேசாக மூடினால் எதிர்ப்பக்கச் சுரையை அரைச் சுற்று இறுக்கிவிட்டு மூடுங்கள்.

பிறகு பெல்ற்: நூல் பிரிந்திருக்கிறதா, கொளுக்கி "டிக்" என்று விழுகிறதா? மடிக்கும் இடத்துப் பூட்டு தேய்ந்து ஆடுகிறதா? சட்டத்தில் வெல்டிங் செய்த அடையாளம் உண்டா? அலுமினியச் சட்டத்தில் ஊர் வெல்டிங் நிற்காது. வெடித்த சட்டத்துக்கு வேலையே வேண்டாம். ரயரும் ரியூப்பும் கடைசி, அவை எப்படியும் மாற்றுகிறவைதான்.

முன்சில்லு ஆட்டம் எடுத்தால்

கொஞ்சம் வேகம் பிடித்ததும் முன்சில்லு படபடவென்று ஆடுவதுதான் ஓட்ட வண்டிலின் பெரிய நோய். சிலர் கைபிடியை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்ப்பார்கள், அது ஆட்டத்தைக் கூட்டும். மெதுவாக நின்று காரணத்தைத் தேடுங்கள். காற்றுக் குறைவு என்பதுதான் முதல் சந்தேகம், பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து, சில்லு ஃபோர்க்கின் இரண்டு பள்ளத்திலும் சமமாக இருக்கிறதா? வண்டிலை நிமிர்த்தி நிறுத்தி, நெம்பைத் திறந்து, வண்டிலின் பாரம் முழுதும் சில்லில் நிற்கும்படி மேலிருந்து அமத்திவிட்டு மூடுங்கள். படுக்க வைத்துப் பூட்டினால் சில்லு ஒருபக்கம் சரிந்து நிற்கும். மூன்றாவது, பூட்டும் வகையில் பூட்டு ஊசி தேய்ந்து தளர்வு வந்திருக்கலாம். இப்படியானால் அதை மாற்றும்வரை நடைக்கு மட்டும் பாவியுங்கள். கைபிடியில் பை தொங்கவிட்டாலும் முன்சில்லில் பாரம் குறைந்து ஆடும். பிள்ளை பெல்ற்றைக் கழற்றி இறங்கும்போது அதே பை வண்டிலைப் பின்னால் கவிழ்க்கும். சாமான் எல்லாம் கீழ்க் கூடைக்கு.

ஆட்டம் வேறு, ஒருபக்கம் இழுப்பது வேறு. இழுப்பதைச் சோதிக்க ஒப்புரவான தரை வேண்டும், சனசமூக நிலைய மண்டபம் போதும். 10 கிலோ அரிசிப் பையை இருக்கையில் வைத்துப் பெல்ற்றால் கட்டி, கைநாடாவை மணிக்கட்டில் மாட்டி, பத்து மீற்றர் மெதுவாகத் தள்ளிக் கையைத் தளர்த்துங்கள். இடப்பக்கம் போனால் ஃபோர்க்கின் ஓரத்தில் இருக்கும் திருகை ஒரு சின்ன அளவு திருப்பி மறுபடியும் பாருங்கள். சில வண்டில்களில் திருகு கிடையாது. அவற்றில் சில்லின் அச்சுப் பொருத்தத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். அந்த அரிசிப் பையோடேயே முதல் இரண்டு மூன்று நாள் ஓடுங்கள். கைப்பிறேக் எத்தனை அடியில் நிறுத்துகிறது, மதகில் எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் அரிசியோடு பழகுவதற்கு.

எந்த வீதி

இதில்தான் முடிவே தங்கியிருக்கிறது.

ஏ-9 வேண்டாம் என்பதற்குக் காரணம் வெறும் வாகன எண்ணிக்கை அல்ல. கார்ப்பெற் வீதி, நேர்கோடு, ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையே பஸ்களும் லொறிகளும் ஓடும் வேகம், முந்துகிற வாகனம் எதிர்ப்பக்க ஓரம்வரை வருவது, எல்லாம் சேர்ந்தது. கொழும்பு, யாழ்ப்பாண இரவுப் பஸ்கள் வந்து சேர்வதும் விடியப்புறம், நீங்கள் ஓட நினைக்கும் நேரமும் அதேதான், சாரதியின் நித்திரைக் கண்ணுக்குத் தாழ்வான வண்டில் தெரியாது. ஓரத்துக்கு ஒதுங்கினால் தாருக்கும் கிறவலுக்கும் நடுவில் உள்ள படியில் ஒரு சில்லு இறங்கி வண்டில் சரியும். பரந்தன் முல்லைத்தீவு ஏ-35இலும் மாங்குளம் முல்லைத்தீவு ஏ-34இலும் வாகனம் குறைவு, வேகம் குறைவல்ல. மணலும் கிறவலும் ஏற்றும் டிப்பர்கள் போகும் வீதிகளை டிப்பர் ஓடாத நேரத்திலும் தவிர்ப்பதே நல்லது, சிந்திய கல்லே போதும் முன்சில்லை மடக்க.

கிராமத்து உள் கொங்கிறீற் ஒழுங்கை நல்லது. மூன்று மீற்றர் அகலம், வரும் மோட்டார் சைக்கிளும் மெதுவாக வரும், ஆட்களுக்கு உங்களைத் தெரியும். அதன் குறை, கொங்கிறீற் துண்டுகளுக்கு நடுவிலான வெடிப்பு. நேராக ஏறாமல் லேசாகக் கைபிடியை அமத்தி ஏறுங்கள். மாசி பங்குனியில் காலபோக அறுவடை நெல்லை வீதியில் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேலால் வண்டில் தள்ளினால் நெல்லுக்காரரிடம் கேட்க வேண்டியதையும் கேட்பீர்கள்.

மைதானம் அதைவிட நல்லது, வாகனமே இல்லை. புல்லில் வண்டில் பாரமாக இழுக்கும், 20 நிமிடம் அங்கே ஓடினால் வீதியில் 30 நிமிடம் ஓடிய களைப்பு. பாடசாலை என்றால் அதிபரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

குளக்கட்டு பார்க்க அழகு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாம் காலைக் காற்றுக்குச் சொர்க்கம்தான். ஆனால் வண்டிலுக்கு இரண்டு பக்கமும் சரிவு, ஒருபக்கம் தண்ணீர். இரணைமடுவின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால் வீதிகளும் இதே கதை. தண்ணீரில் உருண்ட வண்டிலில் ஐந்து முனைப் பெல்ற் பிள்ளையைக் காப்பாற்றாது, பிடித்து வைத்திருக்கும். ஆகவே குளக்கட்டில் நடங்கள், ஓடாதீர்கள். நிற்கும்போது வண்டில் கட்டின் நீளத்துக்கே பார்த்து நிற்க வேண்டும், தண்ணீரை நோக்கி ஒருபோதும் அல்ல. நிறுத்தப் பிறேக், கைநாடா இரண்டும் வேண்டும். முதலை இருக்கும் குளங்களில் அணைக்கரையோரம் இறங்கி முகம் கழுவும் யோசனையும் வேண்டாம்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் சில்லு புதையும். அங்கே வண்டிலை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம்.

எந்த வீதியானாலும் வாகனம் இடப்பக்கம் ஓடும் நாட்டில் நீங்கள் வலப்பக்கம், எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும். வளைவில் மட்டும் வெளிப்பக்கத்துக்கு மாறலாம். வண்டிலின் முன்னும் பின்னும் சைக்கிள் மின்விளக்கு ஒவ்வொன்று, உங்களுக்கு ஒளிதெறிக்கும் அங்கி. காதில் பாட்டு வேண்டாம்.

நாய், மாடு, யானை, மண்

கூட்டமாக நிற்கும் நாய் ஓடுகிறதைத்தான் துரத்தும். நாய் குரைத்து வந்தால் நில்லுங்கள், நிறுத்தப் பிறேக்கைப் போடுங்கள், நாய்க்கும் வண்டிலுக்கும் நடுவில் நில்லுங்கள். கல்லெடுக்கக் குனிவதுபோல் காட்டினாலே பெரும்பாலும் விலகும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆசுபத்திரி. நடுவழியில் வேறு ஏதும் நடந்தால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

இரவு வீதியில் படுத்த மாடுகள் விடியும்வரை எழும்பாது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டை அண்டிய வீதியில் விடியலும் அந்தியும் யானை நடமாடும் நேரம். அங்கே வெளிச்சம் வந்த பிறகு, ஆட்கள் நடமாடத் தொடங்கிய பிறகுதான். வீதியோரத்தில் மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு அடையாளக் கோலோ கண்டால், பிள்ளையின் உடுப்பு மாற்றவென்று கூட அந்த ஓரத்தில் இறங்க வேண்டாம். முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றல் எத்தனை ஆண்டுகளாக நடக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். குறுக்கு வழி தேடிப் பற்றைக்குள் வண்டில் தள்ளுவது வன்னியில் எங்கேயும் நல்ல பழக்கமல்ல.

நேரமும் சூடும்

ஓடுகிறவருக்கு முகத்தில் காற்றுப் படும், வியர்வை ஆறும். வண்டிலுக்குள் பிள்ளை அசையாமல் இருக்கும், மறைப்பு காற்றைத் தடுக்கும், தார்ச்சூடு கீழிருந்து ஏறும். உங்களுக்கு இதமான நேரம் பிள்ளைக்கு வேக்காடாக இருக்கலாம். சித்திரையிலிருந்து ஆவணி வரை விடிந்ததும் தொடங்கி 7 மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். மாலை என்றால் 5 மணிக்குப் பிறகும் தாரைக் கையால் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத தாரில் வண்டில் வேண்டாம். அந்தியில் நுளம்பு தொடங்குமுன் திரும்ப வேண்டும் என்பதால் மாலை எப்போதும் குறுகிய ஓட்டம்தான். காலையே எங்கள் தெரிவு.

வெயிலுக்கென்று வண்டில்மேல் சேலையோ துவாயோ போர்த்துவதை அடிக்கடி காண்கிறோம். அது அடுப்பை மூடுவதுபோல, உள்ளே சூடு ஏறும். வண்டிலின் மறைப்பும், நீளக்கை மெல்லிய பருத்தி உடுப்பும், தொப்பியும் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் பிடரியைத் தொட்டுப் பாருங்கள், கையும் காலும் சூட்டைச் சொல்லாது. பிடரி கொதித்தாலோ, முகம் சிவந்தாலோ, பிள்ளை வழமைக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ நிழலில் நிறுத்தி, உடுப்பைத் தளர்த்தி, பால் கொடுங்கள். 6 மாதம் தாண்டிய பிள்ளைக்கு கொதித்தாறிய தண்ணீர் ஒரு மடக்கு இரண்டு மடக்கு. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் ஓடினால் கக்கும். டிப்பர் போய்ப் புழுதி எழும்பினால் தள்ளி நில்லுங்கள், அடங்கிய பிறகு போங்கள்.

தள்ளும் விதம்

கைபிடி தொப்புள் உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்தால் கூனி ஓடுவீர்கள், முதுகு நோகும். இரண்டு கையாலும் தள்ளுவது கட்டுப்பாடு, ஆனால் உடம்பு இறுகும். ஒரு கையால் தள்ளி மற்றக் கையை வீசி, நூறு அடிக்கு ஒருதரம் கை மாற்றுவது நீண்ட ஓட்டத்துக்குச் சுகம். மதகிலும் ஆட்கள் நடுவிலும் இரண்டு கை. தள்ளி விட்டுவிட்டு எட்டிப் பிடிக்கும் முறையைச் சில ஓட்டக்காரர் செய்வார்கள். எங்கள் வீதிக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதல் இரண்டு கிழமை ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் 20 நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். பிறகு ஓட்டத்தைக் கூட்டலாம். வண்டிலோடு ஒரு கிலோமீற்றருக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூடுதலாக எடுப்பது வழமை, அதற்காக மணிக்கூட்டோடு சண்டை பிடிக்க வேண்டாம். பிள்ளையோடு கதைத்துக்கொண்டே ஓட முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. வேகப் பயிற்சி எல்லாம் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு ஓடும் நாளுக்கு. வண்டில் வந்த பிறகும் கிழமைக்கு ஒரு நாளாவது அப்படி ஓடுவது உங்கள் இடுப்புக்கு நல்லது.

ஐப்பசியில் மாரி தொடங்கினால் கிறவல் சேறாகும், குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது, பிறேக்கும் நனைந்து வழுக்கும். தை கடைசிவரை வண்டிலை ஓட்டத்துக்கு எடுக்காமல் விடுங்கள். அச்சைக் கழற்றி மண்ணைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டு, சில்லு தரையில் படாமல் தூக்கி வையுங்கள், பாரத்தோடு நின்றால் ரயர் ஒருபக்கம் தட்டையாகும். துணியைக் காய விட்டு மடியுங்கள். தையில் வெளியே எடுக்கும்போது கூடைக்குள்ளும் இருக்கைக்குக் கீழும் தேளோ பூரானோ குடியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, அரிசிப் பையை வைத்து ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் பிள்ளையை ஏற்ற வேண்டும்.